மூடில்: ஹைபிரிட் அலுவலகத்தில் புது டீம் லீடுகளை வளர்க்க எவ்வளவு தூரம் கைகொடுக்கும்?

எல்லோரும் ஒரே கூரையின் கீழ் வேலை பார்த்த நாட்களில், புதிதாக டீம் லீட் ஆனவர் பாதித் தொழிலைக் கேள்வி ஞானத்திலேயே கற்றுக்கொண்டார். கோபத்தில் இருக்கும் வாடிக்கையாளரிடம் மூத்தவர் எப்படிப் பேசுகிறார், தவறு செய்தவரைத் தனியே அழைத்து எப்படி ஆரம்பிக்கிறார், கூட்டம் முடிந்து வெளியே வந்ததும் யாருக்கு எதை விளக்குகிறார் என்பதெல்லாம் பக்கத்து மேசையில் இருந்தாலே காதில் விழும். வாரத்தில் 2 நாள் அலுவலகம், 3 நாள் வீடு என்று ஆனபோது அந்தக் கேள்வி ஞானம் அறுந்துபோனது. அந்தப் பள்ளத்தை நிரப்பத்தான் நிறுவனங்கள் எல்எம்எஸ் எனப்படும் பயிற்சித் தளங்களைத் தேடிப் போகின்றன.

அவற்றில் பழையதும் பரவலாகப் பயன்படுவதும் மூடில். ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் மார்ட்டின் டூகியமாஸ் தொடங்கியது, 1.0 பதிப்பு 2002-ல் வந்தது. திறமூல மென்பொருள், சொந்த சர்வரிலேயே நிறுவிக்கொள்ளலாம். கல்லூரிகளுக்காகப் பிறந்த கருவி என்பதால் அலுவலகத்துக்குச் சரிவருமா என்ற தயக்கம் எப்போதும் உண்டு. இங்கே பார்ப்பது 2024 அக்டோபரில் வந்த நீண்டகால ஆதரவுப் பதிப்பான 4.5-ஐ. கேள்வி ஒன்றுதான்: ஆளுக்கொரு இடத்தில் இருக்கும் பத்துப் பன்னிரண்டு புது டீம் லீடுகளை ஆறு வாரத்தில் தேற்றிக் கொண்டுவர இது உதவுமா?

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். நேரடி வகுப்புக்கு மூடில் சுமார். வீடியோக்களை அடுக்கிவைக்கும் அலமாரியாக அதைவிடச் சுமார். ஆனால் வெவ்வேறு இடத்தில், வெவ்வேறு நேரத்தில் இருப்பவர்களை ஒரே பயிற்சியைச் செய்யவைத்து, ஒருவர் செய்ததை இன்னொருவர் அளந்து பார்க்கவைக்கும் கருவியாக அது மிக நல்லது. நிறுவிய பல இடங்களில் இந்தப் பகுதியைத் தொடுவதே இல்லை என்பதுதான் வருத்தம்.

பச்சை டிக்கை நம்ப வேண்டாம்

மூடிலைத் திறந்ததும் கண்ணில் படுவது ஒவ்வொரு பாடத்துக்கும் அருகில் இருக்கும் நிறைவுக் குறி. மேலிடத்துக்குப் போகும் அறிக்கையெல்லாம் இந்தக் குறியை எண்ணித்தான் தயாராகிறது. அந்தக் குறி எதனால் விழுகிறது என்பதை ஒவ்வொரு செயல்பாட்டுக்கும் அட்மின் தனியே தீர்மானிக்க முடியும். பங்கேற்பாளர் தானே டிக் போட்டுக்கொள்வது ஒரு வழி. பக்கத்தைத் திறந்தாலே டிக் விழுவது இன்னொரு வழி. இந்த இரண்டில் ஒன்றோடு விட்டுவிட்டால், பயிற்சி முடிந்தபோது 100 சதவீத நிறைவு என்று பளபளப்பான அறிக்கை வரும். அதில் தெரிவது எத்தனை பேர் பக்கத்தைத் திறந்தார்கள் என்பது மட்டுமே. 20 நிமிட வீடியோவைத் திறந்து இரண்டாவது நொடியில் மூடியவருக்கும் அதே டிக்தான்.

திருத்துவது எளிது. வீடியோவைத் தனியே போடாமல் ஹெச்5பி என்ற பாடம் தயாரிக்கும் கருவியில் இன்டராக்டிவ் வீடியோவாக மாற்றி, நடுநடுவே 3 அல்லது 4 கேள்விகளைச் செருகி, நிறைவு நிபந்தனையைத் தேர்ச்சி மதிப்பெண்ணோடு கட்டிவிடலாம். ஹெச்5பி இப்போது மூடிலுக்குள்ளேயே வருகிறது, தனி பிளகின் (கூடுதலாகச் சேர்க்கும் துணை மென்பொருள்) வேண்டாம். ஒரு சிக்கல் உண்டு: கடைசியில் வரும் சமர்ப்பிக்கும் பொத்தானை அழுத்தாமல் மூடிவிட்டால் மதிப்பெண் பதிவாகாது. "நான் முழுசாப் பார்த்தேன், டிக் வரலை" என்று வரும் புகார்களில் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது. வீடியோவுக்குக் கீழேயே ஒரு வரியில் எழுதிவைத்தால் புகார் குறையும்.

பெரிய வீடியோ கோப்புகளை நேரடியாக மூடிலில் ஏற்றவும் கூடாது. அவை சர்வரின் தரவுக் கோப்புறையில் உட்கார்ந்து, ஒவ்வொரு முறை கோர்ஸை பேக்கப் எடுக்கும்போதும் கூடவே வந்து கனக்கும். நிறுவனத்தின் வீடியோ தளத்தில் வைத்து இங்கே பதித்துக்கொள்வதே நல்லது.

வாயைத் திறக்காமல் மற்றவர் பதிலைப் பார்க்க முடியாத ஃபோரம்

ஹைபிரிட் குழுக்களில் ஒரு பழக்கம் உண்டு. அலுவலகத்தில் இருக்கும் நாலைந்து பேர் ஒரு கருத்தைப் பேசி முடித்துவிட்டு வந்து எழுதுவார்கள். வீட்டில் இருப்பவர் அதைப் படித்துவிட்டு "எனக்கும் அதேதான்" என்று ஒரு வரி போடுவார். தலைமைப் பயிற்சியில் இது நஞ்சு. தன் முடிவைத் தானே எடுத்து, ஏன் என்று சொல்லப் பழகுவதுதான் அங்கே பாடமே.

மூடிலின் விவாதப் பலகையான ஃபோரத்தில் பல வகைகள் உண்டு. அதில் கேள்வி பதில் வகை இதற்கென்றே செய்ததுபோல் இருக்கிறது. பயிற்றுநர் கேள்வியை ஒரு விவாதமாகத் தொடங்க வேண்டும். பங்கேற்பாளர் தன் பதிலைப் போடும்வரை மற்றவர்கள் எழுதியது அவருக்குத் தெரியாது. போட்ட பிறகும் உடனே தெரியாது. திருத்தும் அவகாசம் கழிய வேண்டும், இயல்பாக அது 30 நிமிடம். மற்றவர்களின் பதிலைப் பார்த்துவிட்டுத் தன் பதிலை மாற்றிக்கொள்ளும் வழியை அடைக்கவே இந்த ஏற்பாடு. இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால், போஸ்ட் போட்டுவிட்டுப் பக்கத்தைப் பத்துமுறை புதுப்பித்து, ஃபோரம் கெட்டுவிட்டது என்று அட்மினுக்கு மெயில் அனுப்புவார்கள்.

கேள்வியைப் போடும் விதமும் முக்கியம். "நல்ல தலைவருக்கு என்ன குணங்கள் வேண்டும்?" என்று கேட்டால் பன்னிரண்டு பேரும் ஒரே பதிலைத்தான் எழுதுவார்கள். "உங்கள் குழுவில் ஒரே தகுதியுள்ள இருவர். ஒருவர் வாரம் 4 நாள் அலுவலகம் வருபவர், மற்றவர் 1 நாள். வாடிக்கையாளரோடு பேசும் பெரிய வேலை ஒன்று வந்திருக்கிறது. யாருக்குக் கொடுப்பீர்கள்? முடிவு எடுக்குமுன் எந்த 2 தகவலைத் தேடுவீர்கள்?" என்று கேட்டால், கண் முன்னால் நடமாடுபவருக்கே நல்ல வேலையைக் கொடுக்கும் சாய்வு அவரவர் எழுத்திலேயே வெளிப்பட்டுவிடும். அதன்பிறகு பயிற்றுநர் விளக்க அதிகம் இருக்காது.

வொர்க்‌ஷாப்: மூடிலின் உண்மையான சொத்து

பெயரைப் பார்த்தால் பட்டறை வகுப்பு என்று தோன்றும். அது அல்ல. ஒருவர் செய்த வேலையைச் சக பங்கேற்பாளர்கள் மதிப்பிடும் செயல்பாடு இது. தயாரிப்பு, சமர்ப்பிப்பு, மதிப்பீடு, மதிப்பீட்டை மதிப்பிடுதல், நிறைவு என்று ஐந்து கட்டங்கள். இங்கே இரண்டு மதிப்பெண் உண்டு: செய்த வேலைக்கு இயல்பாக 80, மற்றவர்களை மதிப்பிட்ட விதத்துக்கு 20. டீம் லீட் பயிற்சியில் இந்த 20-ஐக் குறைத்து எடை போடாதீர்கள். அடுத்தவர் வேலையைப் பார்த்து நியாயமாகச் சொல்வதுதான் அவர்களது புதிய உத்தியோகம். 60-க்கு 40 என்று மாற்றி வைப்பது இந்தக் கூட்டத்துக்குப் பொருத்தம்.

ஒரு பயிற்சியை நெருங்கிப் பார்க்கலாம். சூழ்நிலை இது: குழுவில் ஒருவர் மூன்று வாரமாகப் புதன்கிழமை அனுப்ப வேண்டிய அறிக்கையை வியாழக்கிழமை அனுப்புகிறார். அவர் வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர். அவரோடு வீடியோ அழைப்பில் பேசப்போகும் முதல் நிமிடத்தை எழுத வேண்டும். முதல் முயற்சியில் பெரும்பாலும் வருவது இப்படி இருக்கும்: "கொஞ்ச நாளா உங்ககிட்ட பழைய அக்கறை இல்லை. வீட்டுல இருந்து பார்க்கிறதுனால கவனம் சிதறுதோன்னு தோணுது." இரண்டு வாக்கியம், இரண்டிலும் நடந்தது என்ன என்பது இல்லை, ஆளைப் பற்றிய தீர்ப்பு மட்டுமே இருக்கிறது. எதிரே இருப்பவர் தற்காப்புக்குப் போய்விடுவார், அதன்பின் பேச்சு நகராது.

தலைமைப் பயிற்சி அமைப்பான சென்டர் ஃபார் கிரியேட்டிவ் லீடர்ஷிப் வடிவமைத்த சூழல், செயல், விளைவு என்ற முறை இதற்கு உதவும். அதன்படி எழுதினால்: "போன புதன் வரவேண்டிய அறிக்கை வியாழன் மதியம் வந்தது. அதனால கணக்குப் பிரிவு வெள்ளிக்கிழமை முடிக்க வேண்டியது திங்களுக்குத் தள்ளிப்போச்சு. மூணு வாரமா இப்படித்தான் நடக்குது. புதன்கிழமை உங்களுக்கு வேலை எப்படிப் போகுது, எங்க சிக்குது?" நாள் இருக்கிறது, நடந்தது இருக்கிறது, அதனால் யாருக்கு என்ன ஆனது என்பதும் இருக்கிறது. கடைசியில் கேள்வி இருக்கிறது, பதில் சொல்ல எதிரே இருப்பவருக்கு இடமும் இருக்கிறது.

மதிப்பீட்டு முறையாக, அளவைகளும் படிகளும் கொண்ட அட்டவணையான ரூப்ரிக்கைத் தேர்ந்தெடுத்து நான்கு அளவைகள் வைத்தால் போதும். நாள், இடம் திட்டமாக இருக்கிறதா? சொன்னது கண்ணால் பார்த்த செயலா, குணத்தைப் பற்றிய தீர்ப்பா? விளைவு யாரைப் பாதித்தது என்பது தெரிகிறதா? கடைசியில் உண்மையான கேள்வி இருக்கிறதா, அல்லது கேள்வி வேடத்தில் குற்றச்சாட்டா? ஒவ்வொன்றுக்கும் மூன்று படிகள். எட்டு, பத்து அளவைகள் வைத்தால் மூன்றாவது ஆளை மதிப்பிடும்போது கை சலித்து, எல்லாவற்றுக்கும் நடுப்படியைக் குத்திவிட்டுப் போய்விடுவார்கள். ரூப்ரிக்கைச் சமர்ப்பிப்பு தொடங்குமுன்பே இறுதி செய்யுங்கள். பாதி மதிப்பீடு முடிந்தபின் கை வைத்தால் முன்னே போட்ட மதிப்பெண்களுக்கும் பின்னே போட்டவற்றுக்கும் பொருத்தம் இல்லாமல் போகும்.

அடுத்து யார் வேலையை யார் பார்ப்பது என்ற ஒதுக்கீடு. கையால் செய்ய வேண்டாம். மூடிலே தானாகப் பிரித்துத் தரும் ஷெட்யூல்டு ஒதுக்கீட்டில் ஒவ்வொரு சமர்ப்பிப்புக்கும் 3 மதிப்பீட்டாளர் என்று போடுங்கள். 2 போதாது. ஒரு சமர்ப்பிப்புக்கு வந்த மதிப்பீடுகளில் சராசரிக்கு மிக அருகில் இருப்பதோடு மற்றவற்றை ஒப்பிட்டுத்தான் மூடில் மதிப்பீட்டாளருக்கு மதிப்பெண் தருகிறது. இருவர் மட்டும் இருந்தால் இருவரும் சராசரியிலிருந்து ஒரே தூரத்தில்தான் நிற்பார்கள். யார் நிதானமாகப் பார்த்தார், யார் கண்ணை மூடிக்கொண்டு போட்டார் என்று பிரித்தறிய வழியே இல்லை. 5 என்று வைத்தால் வேலைப்பளு கூடி, கடைசித் தேதிக்கு முந்தைய இரவு அவசரமாக நிரப்பப்படும். 3 வைத்தால் கணக்கும் நிற்கும், ஆளும் சலிக்கமாட்டார்.

ஹைபிரிட் குழுவுக்கு மிகவும் பயன்படும் ஒரு சிறிய தேர்வு இந்த ஒதுக்கீட்டுப் பக்கத்தில் ஒளிந்திருக்கிறது. குழு முறையை விசிபிள் குரூப்ஸ் (ஒரு குழு மற்ற குழுக்களைப் பார்க்கலாம்) என்று வைத்திருந்தால், ஒரே குழுவைச் சேர்ந்தவர்கள் ஒருவரை ஒருவர் மதிப்பிடாமல் தடுக்கலாம். அலுவலகத்தில் ஒன்றாக உட்காருபவர்களை ஒரே குழுவில் போட்டுவிட்டு இதை டிக் செய்தால், பக்கத்து இருக்கை நட்புக்காக முழு மதிப்பெண் போடும் பழக்கம் அடியோடு நிற்கும். வீட்டிலிருந்து வேலை பார்ப்பவரின் எழுத்தை அலுவலகத்தில் இருப்பவரும், அவருடையதை இவரும் படித்தே ஆக வேண்டிய நிலை வரும். தேநீர் இடைவேளையில் தானாக நடக்காத அறிமுகம் இங்கே நடக்கிறது.

பிசகும் இடங்கள் மூன்று. சமர்ப்பிப்புத் தேதி முடிந்ததும் தானாக அடுத்த கட்டத்துக்குப் போகும் தேர்வை டிக் செய்ய மறந்தால், மதிப்பீடு தொடங்காமல் அப்படியே நிற்கும். இரண்டாவது, தாமதமாக வருபவர்கள். சமர்ப்பிக்காதவரும் மதிப்பிடலாம் என்ற தேர்வை இயக்கி வைத்தால், அவரும் மூன்று பேருடைய எழுத்தைப் படித்தாவது ஏதோ கற்றுக்கொள்வார்; மற்றவர்களுக்கு வரவேண்டிய மதிப்பீடும் குறையாது. மூன்றாவது, பெயர். எழுதியவர் யார் என்று தெரியாமல் மதிப்பிட வேண்டுமென்றால், அந்த வொர்க்‌ஷாப்பின் அனுமதிகளுக்குப் போய், எழுதியவர் பெயரைப் பார்க்கும் உரிமையைப் பங்கேற்பாளர்களிடமிருந்து எடுத்துவிட வேண்டும். ஆனால் எழுத்துக்குப் பதில் ஒலிப்பதிவு கேட்டால் குரலே காட்டிக்கொடுத்துவிடும்.

ஒலிப்பதிவு கேட்பதாக இருந்தால் இன்னொன்று: எழுதும் பெட்டியான எடிட்டரில் உள்ள பதிவுப் பொத்தான் இயல்பாக 2 நிமிடத்தில் நின்றுவிடும். பேசிக்கொண்டிருக்கும்போதே நின்றால் எரிச்சல் வரும். தளத்தின் அமைப்பில் அதை 4 நிமிடமாக்கலாம். அல்லது 2 நிமிடத்துக்குள் பேசுங்கள் என்று பயிற்சியையே சுருக்கலாம். இரண்டாவதே மேல். சுருக்கமாகச் சொல்லப் பழகுவதும் பயிற்சிதானே.

தெரியும் என்ற நினைப்பை அளக்கும் குவிஸ்

மூடில் குவிஸைப் பற்றி எல்லோருக்கும் தெரியும். அதில் நிச்சயத்தோடு மதிப்பெண் என்ற முறை இருப்பது பலர் கண்ணில் பட்டிருக்காது. கேள்விக்குப் பதில் சொல்வதோடு, எவ்வளவு நிச்சயமாகச் சொல்கிறீர்கள் என்றும் மூன்று படிகளில் குறிக்க வேண்டும். முதல் படியில் சரி என்றால் 1, தவறு என்றால் 0. இரண்டாம் படியில் சரிக்கு 2, தவறுக்குக் கழித்தல் 2. மூன்றாம் படியில் சரிக்கு 3, தவறுக்குக் கழித்தல் 6. கணக்குப் போட்டுப் பார்த்தால், 80 சதவீதத்துக்கு மேல் நிச்சயம் இருந்தால் மட்டுமே மூன்றாம் படி லாபம். 67 சதவீதத்துக்குக் கீழே என்றால் முதல் படியே பாதுகாப்பு.

தலைமைப் பொறுப்புக்கு வருபவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான தேர்வு முறை கிடையாது. விடுப்பு விதி தெரியாமல் இருப்பது பெரிய ஆபத்து இல்லை, கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். தவறான விதியைச் சரி என்று நம்பி, குழு உறுப்பினருக்கு உறுதியாகச் சொல்லிவிடுவதுதான் ஆபத்து. விடுப்பு, கூடுதல் நேரம், புகார் வந்தால் செய்ய வேண்டியது, தனிநபர் தகவல்களைக் கையாள்வது போன்ற பகுதிகளுக்கு இந்த முறையைப் பயன்படுத்துங்கள். கருத்துக்கு இடமுள்ள கேள்விகளுக்கு வேண்டாம். அங்கே கழித்தல் 6 விழுந்தால் நியாயமே இல்லை என்று கோபப்படுவார்கள், அந்தக் கோபம் சரியானதும்கூட. முதல் முறை மதிப்பெண் கணக்கில் சேராத ஒரு மாதிரித் தேர்வு வைத்துவிடுங்கள்.

படித்தது மறந்துபோகும் வேகத்தை உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹாஸ் 1885-லேயே அளந்து காட்டினார். திரும்பத் திரும்ப இடைவெளி விட்டு நினைவுகூர வைப்பதே மருந்து. கேள்வி வங்கியில் ஒரு தலைப்புக்கு 40 கேள்விகள் போட்டு, பாடம் முடிந்த 3-வது நாள், 10-வது நாள், 30-வது நாள் என மூன்று குவிஸில் ஆளுக்கு 10 கேள்வி குலுக்கலாக வரும்படி செய்யலாம். மூடிலின் குறை இந்த இடத்தில்தான் தலைகாட்டுகிறது: அணுகல் கட்டுப்பாட்டில் நாட்காட்டித் தேதியைத்தான் கொடுக்க முடியும். "இவர் சேர்ந்த நாளிலிருந்து 10 நாள் கழித்து" என்று சொல்ல அடிப்படை மூடிலில் வழி இல்லை. தனி பிளகின் வேண்டும். மாதாமாதம் ஒருவர் இருவராகப் பதவி உயரும் நிறுவனத்தில் இது பெரிய தொல்லை. காலாண்டுக்கு ஒருமுறை ஒரு தொகுதியாகத் தொடங்குவது எளிய வழி. சக மதிப்பீட்டுக்கு எப்படியும் குறைந்தது எட்டுப் பேர் வேண்டுமே.

அதே கட்டுப்பாட்டுப் பக்கத்தில் ஒரு கண் சின்னம் இருக்கும். திறந்திருந்தால், இன்னும் திறக்காத பாடம் மங்கலாக, எப்போது திறக்கும் என்ற குறிப்போடு தெரியும். மூடியிருந்தால் பாடமே கண்ணில் படாது. "எனக்கு இரண்டாம் வாரம் வரவே இல்லை" என்று யாராவது சொன்னால் முதலில் அந்தக் கண்ணைப் பாருங்கள்.

நேரடி அமர்வுகள்

4.0 பதிப்பிலிருந்து பிக்புளூபட்டன் என்ற வீடியோ வகுப்புக் கருவி மூடிலோடு சேர்ந்தே வருகிறது. வெண்பலகை, வாக்கெடுப்பு, பொதுக் குறிப்பேடு, சிறு அறைகள் எல்லாம் உண்டு. அதற்கான இலவச சர்வர் சோதித்துப் பார்க்க மட்டுமே: ஓர் அமர்வு 60 நிமிடம், 25 பேர், பதிவுகள் 7 நாளில் அழிந்துவிடும். நிறுவனம் ஏற்கெனவே பயன்படுத்தும் வீடியோ கருவி இருந்தால் அதையே வைத்துக்கொண்டு, மூடிலில் இணைப்பை மட்டும் கொடுப்பது நல்லது. புதுக் கருவியைக் கற்பதில் யாருடைய அரைமணியும் போக வேண்டாம்.

எந்தக் கருவி என்றாலும் பாதிப் பேர் ஓர் அறையில், மீதிப் பேர் வீட்டில் என்ற அமர்வுதான் கடினம். அறையில் இருப்பவர்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துப் பேசிக்கொள்ள, வீட்டில் இருப்பவர் நீள மேசையின் தூரத்துக் காட்சியை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பார். ஒருவர் திரையில் என்றால் எல்லோரும் திரையில் என்ற விதியைக் கறாராக வைத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கொரு லேப்டாப், ஆளுக்கொரு ஹெட்போன், முடிந்தால் தனித்தனி இருக்கைப் பகுதி. ஒரே அறையில் உட்கார்ந்தே ஆக வேண்டும் என்றால் ஒரே ஒரு மைக்கும் ஒரே ஒரு ஸ்பீக்கரும் இயங்கட்டும், மற்ற எல்லா லேப்டாப்பிலும் இரண்டையும் அணைத்துவிடுங்கள். இரண்டாவது மைக் திறந்த உடனே ஒலி சுழன்று ஊளையிட ஆரம்பிக்கும். சிறு அறைகளுக்குப் பிரிக்கும்போது தானியங்கிக் குலுக்கலை நம்பாமல் கையால் ஒதுக்குங்கள்: ஓர் அறைக்கு மூன்று பேர், அதில் ஒருவராவது வீட்டிலிருந்து. ஒருவர் டீம் லீட், ஒருவர் குழு உறுப்பினர், ஒருவர் கவனிப்பவர். 6 நிமிடம் பேச்சு, 4 நிமிடம் கருத்து, பிறகு இடம் மாற்றம். மூன்று சுற்றுக்கு அரைமணி ஆகிவிடும். 20 நிமிடத்தில் முடிக்கப் பார்த்தால் மூன்றாமவருக்கு வாய்ப்பே கிடைக்காது.

அலுவலகத்துக்கு என்று பார்த்தால் இல்லாதவை

கல்லூரியில் பிறந்த சுவடு இங்கேதான் தெரிகிறது. யார் யாருக்குக் கீழே வேலை பார்க்கிறார் என்ற அமைப்பு அடிப்படை மூடிலில் இல்லை. மேனேஜர் தன் கீழ் இருக்கும் ஆறு பேரின் முன்னேற்றத்தை மட்டும் பார்க்க வேண்டுமென்றால், பெற்றோர் தன் பிள்ளையின் கணக்கைப் பார்க்க வைத்திருக்கும் ரோலை (அனுமதிகளின் தொகுப்பை) திருத்தி, ஒவ்வொரு ஆளுக்கும் தனித்தனியாக இணைக்க வேண்டும். நூறு பேர்வரை தாங்கும். அதற்கு மேல், அதுவும் ஆட்கள் குழு மாறிக்கொண்டே இருக்கும் இடத்தில், யாரோ ஒருவர் பழைய மேனேஜரின் பார்வையிலேயே மாட்டிக்கொண்டிருப்பார். கட்டணப் பதிப்பான மூடில் வொர்க்பிளேஸில் துறை, பதவி, பொறுப்பு என்ற அமைப்பு உண்டு.

ஆண்டுதோறும் திரும்பச் செய்ய வேண்டிய பயிற்சிகளுக்கும் இதே கதை. ஒருமுறை முடித்த கோர்ஸ் முடித்ததுதான். அடுத்த ஆண்டு தானாகத் திறந்துகொள்ளாது. அதற்கும் பிளகின் அல்லது வொர்க்பிளேஸ்.

திறன் கட்டமைப்பு என்ற பகுதி நன்றாகவே இருக்கிறது. "தனிப்பட்ட சந்திப்பை நடத்துதல்", "வேலையைப் பிரித்துக் கொடுத்தல்" என்று திறன்களை வரையறுத்து, ஒவ்வொருவருக்கும் கற்றல் திட்டம் ஒதுக்கலாம். அளவுகோலை மட்டும் தொடக்கத்திலேயே யோசித்து வையுங்கள், பயன்பாட்டுக்கு வந்தபின் அதை மாற்ற இடம் தராது. திறன்களை 6-லிருந்து 8-க்குள் நிறுத்துங்கள். 40 திறன் கொண்ட பட்டியலை யாரும் இரண்டாம் முறை திறந்து பார்ப்பதில்லை.

நடத்தை மாறியதா?

டொனால்ட் கிர்க்பாட்ரிக் 1959-ல் பயிற்சியை அளக்க நான்கு நிலைகளை வைத்தார்: பிடித்ததா, கற்றார்களா, நடத்தை மாறியதா, பலன் வந்ததா. முதல் இரண்டும் மூடிலுக்குக் கைவந்த கலை. மூன்றாவதற்கு ஃபீட்பேக் செயல்பாட்டைப் பயன்படுத்தலாம்: பயிற்சி முடிந்து 60-வது நாள், டீம் லீடின் குழுவிடமே ஐந்து கேள்விகள். "கடந்த நான்கு வாரத்தில் உங்கள் லீடோடு எத்தனை தனிப்பட்ட சந்திப்பு நடந்தது?" என்பதுபோல் எண்ணிச் சொல்லக்கூடிய கேள்வியாக இருக்கட்டும். "உங்கள் லீட் நல்லவரா?" என்பதற்கு வரும் பதிலை வைத்து எதுவும் செய்ய முடியாது.

இதைப் பயிற்சி நடந்த அதே கோர்ஸில் வைப்பது பெரிய தவறு. குழு உறுப்பினர்களைப் பதிலளிக்கச் சேர்த்தால் லீடின் பயிற்சிகளும் ஃபோரமும் அவர்கள் கண்ணில் படும். தனி கோர்ஸ் ஒன்று திறந்து, லீடைச் சேர்க்காமல், குழுவை மட்டும் சேருங்கள். பெயரில்லாப் பதிவு என்ற தேர்வு பெயரை மறைக்கும். ஆனால் நான்கு பேர் குழுவில் எழுத்து நடையே ஆளைக் காட்டிவிடும். 5 பேருக்குக் குறைவாகப் பதில் வந்தால் அந்த முடிவை லீடுக்குத் தனியாகக் கொடுக்கவே கூடாது. மற்ற குழுக்களோடு சேர்த்துக் கூட்டாகத்தான் சொல்ல வேண்டும். இதை முதலிலேயே எழுத்தில் சொல்லிவிட்டால்தான் உண்மையான பதில் வரும்.

சர்வர் பக்கம் கவனிக்க வேண்டியவை

கிரான் எனும் பின்னணிப் பணி நிமிடத்துக்கு ஒருமுறை ஓட வேண்டும். ஃபோரம் மெயில், கோர்ஸ் நிறைவு, வொர்க்‌ஷாப்பின் தானியங்கி ஒதுக்கீடு எல்லாம் அதன் தோளில்தான். அது நின்றால் எந்த எச்சரிக்கையும் பங்கேற்பாளருக்கு வராது. எல்லாமே மந்தமாக இருப்பதுபோல் மட்டும் தோன்றும். மெயில்கள் ஜங்க் பெட்டிக்குப் போகின்றனவா என்று தொகுதி தொடங்குமுன் வெவ்வேறு முகவரிக்கு அனுப்பிப் பாருங்கள்.

வெளியிலிருந்து வாங்கிய, ஸ்கார்ம் என்ற பொதுத் தரநிலையில் செய்த பாடங்கள் இருந்தால் 1.2 வடிவத்தில் கேளுங்கள். 2004 வடிவத்துக்கு மூடிலில் முழு ஆதரவு இல்லை. 1.2-லும் ஒரு வரம்பு உண்டு: எங்கே விட்டோம் என்பதை நினைவில் வைக்க அந்தத் தரநிலை தருவது 4096 எழுத்துகள்தான். 80 ஸ்லைடு கொண்ட பாடம் அதைத் தாண்டும்போது, விட்ட இடத்திலிருந்து தொடராமல் மீண்டும் முதல் ஸ்லைடுக்கே வந்து நிற்கலாம். பாடத்தை 15 நிமிடத் துண்டுகளாக உடைத்துத் தரச் சொல்வதே சரியான தீர்வு.

கடைசித் தேதிகளை மூடில் அவரவர் நேர மண்டலத்துக்கு மாற்றிக் காட்டும். ஆனால் விளக்கத்தில் "மாலை 6 மணிக்குள்" என்று கையால் எழுதியதை அது மாற்றாது. இரண்டு நேரமும் முட்டிக்கொள்ளும். நேரத்தைத் தேதிக்கான பெட்டியில் மட்டும் கொடுங்கள், வாக்கியத்தில் எழுத வேண்டாம்.

ஆள்பலம் எவ்வளவு வேண்டும் என்பதைப் பொறுத்தே இதை எடுக்கலாமா என்று முடிவு செய்யுங்கள். நிறுவும்போது மூடில் காலி வீடுதான். உள்ளே ஒரு பாடமும் இருக்காது. சர்வரையும் புதுப்பித்தலையும் கவனிக்க ஒருவர் வேண்டும். 12 பேர் கொண்ட ஒரு தொகுதி ஓடும் ஆறு வாரமும் பயிற்றுநருக்கு வாரம் 5 மணிநேரமாவது தனியே ஒதுக்க வேண்டும்: ஃபோரத்தில் படித்துப் பதில் எழுத இரண்டு, வொர்க்‌ஷாப்பில் மதிப்பீடுகள் முரண்படும் இடங்களைப் பார்க்க ஒன்று, பின்தங்கியவர்களைத் தனியே அழைத்துப் பேச இரண்டு. பங்கேற்பாளருக்கு வாரம் 90 நிமிடம், அதுவும் வேலை நேரத்துக்குள், அவரது மேனேஜர் நாட்காட்டியில் அடைத்துக் கொடுத்ததாக இருக்க வேண்டும். அந்த 90 நிமிடத்தை எழுத்தில் வாங்காமல் தொகுதியைத் தொடங்காதீர்கள். மூன்றாவது வாரம் வேலை நெருக்கும்போது முதலில் வெட்டுப்படுவது அதுதான். வீட்டிலிருந்து வேலை பார்ப்பவரிடமிருந்து அது போனது யார் கண்ணிலும் படாது.